ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக ஜாக் ரஸ்ஸல் டெரியர் இருப்பதை அறிந்தவர்கள், மாலை நடையின்போது வழியில் நிறுத்தியும் கால்நடை மருத்துவமனையில் காத்திருக்கும்போதும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். நோய் பற்றிய விடைகளை, எப்போது மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள். அவை மருத்துவருக்கு மாற்று அல்ல.

ஜாக் ரஸ்ஸல் என்பது தனி இனமா, இல்லை குட்டையான வெள்ளை நாய் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்கிறார்களா?

தனி இனம்தான். இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் பாதிரியாராகவும் வேட்டைப் பிரியராகவும் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் (1795–1883), ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது, 1819-ல், ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற பெண் நாயை வாங்கினார். அதன் வழியில் அவர் உருவாக்கிய நாய்களின் வேலை, குதிரைகளோடு ஓடிச் சென்று, நரி பதுங்கிய வளைக்குள் இறங்கி, நரியைக் கொல்லாமல் குரைத்தே வெளியேற்றுவது. வளையிலிருந்து வெளிவருவது நரியா நாயா என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்பதற்காகவே வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள்.

இன்று ஜாக் ரஸ்ஸல் என்று பதிவாகும் நாய் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரமும், உயரத்தைவிடச் சற்று நீண்ட உடலும் கொண்டது. ஒவ்வொரு 5 சென்டிமீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 கிலோ எடை என்பது தரக்குறிப்பு; ஆகவே வளர்ந்த நாய் 5 முதல் 6 கிலோ இருக்கும். கால் நீண்டு சதுர உடலுடன் இருப்பது பார்சன் ரஸ்ஸல் என்ற உறவு இனம். ஜாக் ரஸ்ஸலைச் செம்மைப்படுத்தியவர்கள் ஆஸ்திரேலியர்கள். பன்னாட்டு நாய் வளர்ப்புக் கூட்டமைப்பு 2000-லும், பிரிட்டனின் கென்னல் கிளப் 2016-லும் இதை ஏற்றன.

சிறிய நாய்தானே, இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வளர்க்கலாம் அல்லவா?

வளர்க்கலாம். ஆனால் இந்த நாய்க்கு இடத்தைவிட உங்கள் நேரம்தான் அதிகம் தேவை. பெரிய தோட்டம் இருந்தும் நாள் முழுவதும் தனியே விடப்பட்ட ஜாக் ரஸ்ஸல், ஃபிளாட்டில் இருந்தும் காலை மாலை வேலை பெறும் ஜாக் ரஸ்ஸலைவிடப் பல மடங்கு தொல்லை தருவதைப் பார்த்திருக்கிறேன். மண்ணைத் தோண்டுவது, மோப்பம் பிடிப்பது, துரத்துவது, குரைப்பது ஆகிய நான்கும் இதன் கெட்ட பழக்கங்கள் அல்ல. இதற்காகவே இருநூறு ஆண்டுகளாக மனிதர்கள் இதைத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். அந்த ஆற்றலுக்கு நீங்கள் ஒரு வழி அமைத்துத் தராவிட்டால், அது சோஃபா மெத்தையிலும் செருப்பு அலமாரியிலும் தானே ஒரு வழியைத் தேடிக்கொள்ளும். என்னிடம் வரும் குறைகளில் பாதிக்குமேல் இதில்தான் போய் முடிகின்றன.

வீட்டில் எல்லோரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பி இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறவர்கள் என்றால், இந்த இனம் உங்களுக்கு வேண்டாம். வளர்ந்த நாயைக்கூட நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தனியே விடாமலிருப்பது நல்லது. அமைதியான துணை வேண்டும் என்போருக்கு, நம் தெருவிலேயே தத்துக்குக் காத்திருக்கும் நடுத்தர வயது நாட்டு நாய் பெரும்பாலும் இதைவிடப் பொருத்தமாக இருக்கும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நடத்திக் கூட்டிப் போக வேண்டும்?

வளர்ந்த, நலமான நாய்க்கு நாளொன்றுக்கு மொத்தம் ஒரு மணி நேரமாவது வேண்டும். அதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். மூட்டுகள் வளர்ந்துகொண்டிருக்கும் குட்டியைச் சிறு சிறு நடைகளாக, அது தானே நின்று முகர இடம் கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள். படிக்கட்டில் ஏறி இறங்கி ஓட விடாதீர்கள்.

கால் களைப்பதைவிட மூக்கு களைப்பது இந்த நாயை விரைவில் அமைதிப்படுத்தும். ஒரு பழைய துண்டில் அதன் உணவைத் தூவிச் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள்: முதலில் காலால் அழுத்திப் பிடித்து, பிறகு முன்பற்களால் முடிச்சின் ஒரு முனையை மட்டும் கவ்வி இழுத்து, தளர்ந்த இடத்தில் மூக்கை நுழைத்துச் சீறி மூச்சு விட்டு, மறுபடி காலை மாற்றி வைக்கும். கால் மணி நேரம் அந்த வேலையில் மூழ்கிய நாய், அதன் பின் நெடுநேரம் தூங்கும். அட்டைப் பெட்டிகளுக்குள் உணவை ஒளித்துத் தேடச் செய்வதும் இதே பயனைத் தரும். மொட்டை மாடியோ தோட்டமோ உள்ளவர்கள் ஒரு மூலையில் மணல் தொட்டி வைத்து, அதில் பொம்மைகளைப் புதைத்துத் தோண்ட விடலாம். பூந்தொட்டிகள் தப்பிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கத்திரி வெயிலில் இதை எப்படிச் சமாளிப்பது?

நடையை சூரியன் ஏறுமுன்னும் தார்ச்சாலை ஆறிய பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அங்கே வேகும். நாய் வியர்வையால் அல்ல, மூச்சிரைத்தே உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரம் நிறைந்த சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் மூச்சிரைப்பதன் பயன் குறைந்துவிடுகிறது. டெரியருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: பந்து எறிந்துகொண்டே இருந்தால் அது தானாக நிறுத்தாது, நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

இடைவிடாத மூச்சிரைப்பு, அடர்சிவப்பு ஈறு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம் ஆகியவை வெப்பத் தாக்குதலின் அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, உடல் முழுவதும் சாதாரணக் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றுப் படச் செய்து, அதன் பிறகு மருத்துவரிடம் கிளம்புங்கள். ஈரத் துணியால் போர்த்தி மூடினால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். நாய் எழுந்து நடந்துவிட்டாலும் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். உள்ளுறுப்புப் பாதிப்பு பின்னர்தான் தெரியவரும்.

குட்டி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி முன்பணம் கேட்கிறார்கள்.

தாய் நாயையும் குட்டிகள் வளரும் இடத்தையும் நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய மத்திய அரசின் 2017 விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. இனப்பெருக்கம் செய்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நாற்பது நாள் குட்டியைப் பைக்குள் வைத்து நீட்டுகிறவரிடம் வாங்கினால், கடிப்பதன் அளவைத் தாயிடமும் உடன்பிறப்புகளிடமும் கற்றுக்கொள்ளாத ஒரு டெரியரை வீட்டுக்குக் கொண்டு வருகிறீர்கள். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் பதிவுச் சான்று இருந்தால், அதிலுள்ள மைக்ரோசிப் (தோலுக்கடியில் செலுத்தப்படும் சிறு அடையாளச் சில்லு) எண் குட்டியின் உடலில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

பெற்றோருக்குக் கண், காது, முழங்கால் பரிசோதனை நடந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏன் என்பதை முழங்கால் பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன். “கூடுதலாகச் சிறிய” குட்டி என்று அதிக விலை சொன்னால் ஒதுங்கிவிடுங்கள்; இந்த இனத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. வாலை வெட்டித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். வளைக்குள் இறங்கும் நாய்க்காக எழுந்த அந்த வழக்கம், இங்கிலாந்திலேயே 2006-ன் விலங்குநலச் சட்டத்தால் சில வேலை நாய்களைத் தவிர மற்றவற்றுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டது.

வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருக்கிறது. கடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது, அதை விட்டுவிடாதீர்கள். ஜாக் ரஸ்ஸல் குடும்பத்தோடு மிகவும் ஒட்டிக்கொள்ளும், பிள்ளைகளோடு களைக்காமல் விளையாடும். ஆனால் வாலை இழுப்பதையும், தூங்கும்போது மேலே விழுவதையும், தின்னும்போது தட்டில் கை வைப்பதையும் லாப்ரடார் பொறுத்துக்கொள்ளும் அளவுக்கு இது பொறுத்துக்கொள்ளாது. ஆறேழு வயதுக்கு உட்பட்ட பிள்ளையையும் இந்த நாயையும் பெரியவர் பார்வை இல்லாமல் ஒரே அறையில் விடக் கூடாது. நாய் போய்ப் படுத்துக்கொள்ள, பிள்ளைக்கு அனுமதியில்லாத ஓர் இடம் வீட்டில் இருக்க வேண்டும்.

நாய் உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை எச்சரிக்கையின்றிக் கடிக்கும். பல் பட்டுத் தோல் கீறினால், தடுப்பூசி போட்ட சொந்த நாயாகவே இருந்தாலும், காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்க வேண்டாம்.

ஏற்கெனவே பூனையும் முயலும் இருக்கின்றன. ஒத்துப்போகுமா?

பூனையோடு ஒத்துப்போக வாய்ப்புண்டு, குட்டியாக இருக்கும்போதே சேர்த்து வளர்த்தால், பூனைக்கு ஏறிக்கொள்ள உயரமான இடங்கள் இருந்தால். முயல், வெள்ளெலி, கோழிக்குஞ்சு ஆகியவற்றோடு ஒத்துப்போகாது. பல மாதங்கள் அமைதியாக இருந்துவிட்டு, ஒரு நாள் முயல் திடீரென ஓடியவுடன் பாய்ந்துவிடும். பயிற்சியால் இதைப் போக்கிவிட்டோம் என்று யார் சொன்னாலும், கூண்டின் கதவை நம்புங்கள், பயிற்சியை நம்பாதீர்கள்.

தயிர்சாதம் போட்டே வளர்க்கலாம் என்று என் மாமியார் சொல்கிறார். சரியா?

கொஞ்சம் தயிர்சாதம் கெடுதல் செய்யாது. அதை மட்டுமே போட்டு வளர்க்க முடியாது. நாய்க்கு வேண்டிய புரதம், சுண்ணாம்புச் சத்து, துத்தநாகம், கொழுப்பு அமிலங்கள் அதில் போதுமான அளவு இல்லை. 6 கிலோ எடையுள்ள, ஓடியாடும் ஜாக் ரஸ்ஸலுக்கு நாளொன்றுக்குச் சுமார் 400 முதல் 450 கலோரி போதும். தரமான நாய் உணவை அதன் உறையில் உள்ள கலோரிக் கணக்கின்படி அளந்து, குட்டிக்கு மூன்று நான்கு வேளையாகவும் வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளையாகவும் பிரித்துக் கொடுங்கள். வீட்டில் சமைத்துத்தான் போடுவோம் என்றால் வேகவைத்த கோழி, முட்டை, பூசணி, சோறு என்று தொடங்கலாம். ஆனால் சத்துக் கலவையை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். மேலே தொட்டுத் தடவினால் விலா எலும்புகள் விரலுக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது.

நம் சமையலில் மறைந்திருக்கும் ஆபத்துகளைத்தான் மாமியாரிடம் முதலில் சொல்ல வேண்டும். சாம்பாரிலும் குழம்பிலும் உள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. திராட்சையில் நஞ்சாவது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருப்பதால் ரசம் கலந்த சோற்றையும் தவிர்ப்பதே நல்லது. சாக்லேட்டும், சைலிட்டால் சேர்த்த சர்க்கரையில்லா மிட்டாயும், வேகவைத்த எலும்பும் கூடவே கூடாது.

முடி குட்டை, அதனால் கொட்டாது என்று விற்றவர் சொன்னார். வீடெல்லாம் முடியாக இருக்கிறதே?

அவர் சொன்னது தவறு. இந்த இனத்தில் வழவழப்பான முடி, சொரசொரப்பான முடி, இரண்டுக்கும் இடைப்பட்டது என மூன்று வகை உண்டு; மூன்றும் கொட்டும், வழவழப்பான வகை அதிகமாகவே கொட்டும். வாரம் இரண்டு மூன்று முறை ரப்பர் பிரஷால் தேய்த்துவிடுங்கள். குளியல் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். மனிதர் ஷாம்பூ வேண்டாம். மடங்கிய காதின் உட்புறத்தை மழைக்காலத்தில் வாரந்தோறும் முகர்ந்து பாருங்கள், புளித்த வாடை வந்தால் தொற்று. பல்லை நாய்களுக்கான பேஸ்ட் கொண்டு தினமும் துலக்குவது இந்த அளவு நாய்க்கு மிகவும் முக்கியம். சிறிய தாடையில் பற்கள் நெருக்கமாக இருப்பதால் காரை விரைவில் படியும்.

உண்ணியைக் கையால் பிடுங்கிப் போட்டால் போதாதா?

போதாது. நம் ஊரில் நாய்களைத் தாக்கும் பழுப்பு உண்ணி ஆண்டு முழுவதும் பெருகும். நாயின் உடலில் தென்படுவதைவிடச் சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் இருப்பவை அதிகம். அவை எர்லிக்கியா, பெபீசியா என்ற இரத்த நோய்களைப் பரப்புகின்றன. மருத்துவர் எழுதித் தரும் உண்ணித் தடுப்பு மாத்திரையையோ மருந்தையோ தவறாமல், எடைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள். பெரிய நாயின் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

ஒட்டியிருக்கும் உண்ணியைச் சிறு இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். மண்ணெண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். வழக்கமாகத் துள்ளும் நாய் இரண்டு நாள் உணவில் ஆர்வமின்றிப் படுத்திருந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, சிறுநீர் காபி நிறத்தில் போனாலோ, அன்றே இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் நாய்க்கு இத்தனை தடுப்பூசி எதற்கு?

நாய் வெளியே போகாவிட்டாலும் உங்கள் செருப்பில் பார்வோ கிருமி உள்ளே வரும். டிஸ்டெம்பர், பார்வோ உள்ளிட்டவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போட வேண்டும். ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். டெரியர் வளர்ப்பவர்கள் எலிக்காய்ச்சல் தடுப்பூசியை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது, அடுத்த கேள்வி அதற்கான காரணத்தைச் சொல்லும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவது கட்டாயம். அதற்கு ரேபிஸ் தடுப்பூசிச் சான்று தேவை. தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு, வேப்பேரியில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும், மாவட்டங்களில் அரசு கால்நடை மருத்துவமனைகளும் இருக்கின்றன.

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் இருந்த எலியைக் கொன்றுவிட்டது. பாராட்டுவதா, பயப்படுவதா?

நாயைத் திட்டாதீர்கள், அதன் பிறவிக் குணம் அது. ஆனால் உடனே கவனியுங்கள். எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், மழைநீர் தேங்கும் மாதங்களில் அதிகமாகவே இருக்கும். காய்ச்சல், வாந்தி, கண்வெள்ளையிலும் ஈறிலும் மஞ்சள் நிறம் தெரிந்தால் மருத்துவரிடம் நாய் எலியைக் கடித்ததைச் சொல்லுங்கள். அந்த நாயின் சிறுநீரைக் கையுறையின்றித் துடைக்காதீர்கள், அது மனிதருக்கும் தொற்றும். பெருச்சாளி என்றால் கடிகாயத்தையும் தேட வேண்டும், குறிப்பாக உதட்டின் உட்புறம்.

எலி மருந்து இன்னும் பெரிய ஆபத்து. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்தைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் நலமாகவே தெரியும், பிறகு உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும். முன்கூட்டியே போனால் வைட்டமின் கே1 கொண்டு காப்பாற்றலாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசை கல்லீரலை அழிக்கும், அதற்கு மாற்று மருந்தே இல்லை. டெரியர் இருக்கும் வீட்டில் எலிக்குக் கூண்டுப் பொறி மட்டுமே வைக்க வேண்டும். பக்கத்து வீட்டாரிடமும் இதைப் பேசிவிடுங்கள். தின்றுவிட்டது என்று ஐயம் வந்தால் மருந்தின் உறையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தோட்டத்தில் பாம்பு வந்தால் இது விலகிப் போகாதாமே?

பெரும்பாலும் விலகாது, அதுதான் கவலை. கடிபட்ட இடம் முகமாகவோ முன்னங்காலாகவோ இருக்கும். கட்டுப் போடாதீர்கள், கீறி விடாதீர்கள், நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு நேரே பாம்புக்கடி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் அதே மருந்துதான் நாய்க்கும் போடப்படுகிறது. (அந்த மருந்துக்கான நஞ்சைச் சேகரித்துத் தருவதில் சென்னையை அடுத்த வடநெம்மேலியின் இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரும் பங்குண்டு.) உங்கள் பகுதியில் எந்தக் கால்நடை மருத்துவரிடம் அது இருப்பில் உள்ளது என்று இன்றே விசாரித்து வையுங்கள். தோட்டத்தில் நாயைத் தனியே விடாமலிருப்பதும், விறகு, செங்கல் குவியலை அகற்றுவதும் தடுப்பு வழிகள்.

மழை இரவுகளில் தேரையைக் கவ்வி வாயில் நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கடைவாயின் பக்கமாகத் தண்ணீர் விட்டு, ஈறுகளை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. வலிப்போ தள்ளாட்டமோ வந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

நாள் முழுக்கக் குரைக்கிறது. குடியிருப்போர் சங்கம் நாயை வெளியேற்றச் சொல்கிறது.

சங்கத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ, லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லவோ குடியிருப்போர் சங்கங்களால் இயலாது என்பதை இந்திய விலங்குகள் நல வாரியம் தன் வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பதால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் தூக்கம் கெடுவது சரியாகிவிடாது. முதலில் அது எப்போது, எதைப் பார்த்துக் குரைக்கிறது என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள்.

பால்கனிக் கம்பி வழியே தெருவைப் பார்த்துக் குரைத்தால், கம்பியின் கீழ்ப்பகுதியை மறைத்துவிடுங்கள். அழைப்புமணிக்குக் குரைத்தால், மணி அடித்தவுடன் பாயில் போய் உட்கார்ந்தால் தின்பண்டம் என்று பழக்குங்கள். நீங்கள் வெளியே போனவுடன் தொடங்கிக் கதவைப் பிறாண்டினால் அது பிரிவுப் பதற்றம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று வெளியே நிற்கும் நேரத்தைக் கூட்டிப் பழக்க வேண்டும். பொழுது போகாமல் குரைத்தால், துண்டு முடிச்சும் மணல் தொட்டியும் பற்றி மேலே சொன்னதே விடை. மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டையை வாங்காதீர்கள். பதற்றம் கூடும், குரைப்பு வேறு வடிவில் திரும்பும்.

டியூப்லைட்டுக்குப் பின்னால் இருக்கும் பல்லியையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இது நோயா?

பத்து நிமிடம் நின்றுவிட்டு, கூப்பிட்டால் திரும்பி வருகிறது என்றால் நோயல்ல. உணவையும் உங்கள் குரலையும் மறந்து சுவரையோ தரையில் விழும் ஒளியையோ துரத்துகிறது என்றால், அது கட்டாயப் பழக்கமாக மாறிக்கொண்டிருக்கிறது. டெரியர்களிடம் இதை மிகச் சாதாரணமாகத் தூண்டிவிடலாம். பிள்ளைகள் லேசர் விளக்கைச் சுவரில் ஆட்டி விளையாட்டுக் காட்டுவதே பலவேளை தொடக்கம். பிடிக்கவே முடியாத இரையைத் துரத்தும் நாய்க்கு வேட்டை முடிவடைவதே இல்லை. லேசரை அகற்றுங்கள், அறையை மாற்றுங்கள், பிடித்துக் கவ்வ முடிந்த கயிற்று விளையாட்டைக் கொடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் பேசுங்கள்.

வீட்டுக்குள் கூப்பிட்டால் ஓடி வருகிறது. வெளியே அணிலைப் பார்த்தால் காது கேட்காததுபோல் ஓடுகிறது. என்ன செய்ய?

வாகனங்கள் ஓடும் இடத்தில் இந்த நாயைக் கயிறு இல்லாமல் விடவே கூடாது, எவ்வளவு பழகியிருந்தாலும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை அணிவித்து, திறந்த மைதானத்தில் பத்து மீட்டர் நீளக் கயிற்றில் பழக்குங்கள். வரச் சொல்லி அழைக்க ஒரே ஒரு சொல்; வந்தால் வேகவைத்த ஈரல் போல மிக விருப்பமான ஒன்று; கிடைத்தவுடன் மறுபடி விளையாட அனுமதி. கூப்பிட்டவுடன் வீட்டுக்குக் கொண்டு போய்க் குளிப்பாட்டினால் அந்தச் சொல்லின் மதிப்பு போய்விடும். தாமதமாக வந்ததற்கு அடிப்பது, அடுத்த முறை வராதே என்று கற்றுக்கொடுப்பதாகும்.

உண்மையிலேயே காது கேட்கிறதா என்பதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வெள்ளை நிறம் மிகுந்த இனங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. ஒரு காது மட்டும் கேட்காத நாய்க்குச் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியாது.

ஓடும்போது ஒரு பின்னங்காலைத் தூக்கி இரண்டடி குதித்துவிட்டுப் பிறகு சரியாக ஓடுகிறது. விட்டுவிடலாமா?

விட்டுவிடக் கூடாது. முழங்கால் சில்லு தன் பள்ளத்திலிருந்து நழுவித் திரும்பும்போது சிறிய நாய்கள் சரியாக இப்படித்தான் குதிக்கும். லேசான நிலையில் எடைக் கட்டுப்பாடும் வழுக்காத தரைவிரிப்பும் போதும். முற்றினால் அறுவை தேவைப்படும். ஒரு வயதுக்குட்பட்ட குட்டி நாளுக்கு நாள் அதிகமாக நொண்டினால், தொடை எலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் சிதையும் பெர்த்தெஸ் நோயா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். குட்டி தள்ளாடி நடந்தால் அது பரம்பரை நரம்பு நோயாகவும் இருக்கலாம்.

இந்த இனத்தில் நான் மிகவும் அஞ்சுவது கண் வில்லை நழுவும் நோயை. மூன்று முதல் எட்டு வயதுக்குள், ஒரே நாளில் கண் சிவந்து, நீர் வழிந்து, மூடிக்கொள்ளும். கண்ணழுத்தம் ஏறிப் பார்வை பறிபோக ஒரு நாளே போதும். “தூசி விழுந்திருக்கும், நாளை பார்க்கலாம்” என்று காத்திருக்காதீர்கள். இதற்குக் காரணமான மரபணுவை டிஎன்ஏ பரிசோதனையில் கண்டறிய முடியும் என்பதால்தான், குட்டி வாங்கும்போது பெற்றோரின் பரிசோதனை முடிவைக் கேட்கச் சொன்னேன்.

பெண் நாய் ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது என்கிறார்களே?

அதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயதாகும்போது கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து அதிகம். அது உயிரைப் பறிக்கும். இனச்சேர்க்கைப் பருவம் ஒவ்வொரு முறை முடிந்த சில வாரங்களில் தண்ணீர் அதிகம் குடித்துச் சோர்ந்து கிடந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. இந்த அளவு நாய்க்கு ஆறு மாதம் கழிந்தபின் கருத்தடை அறுவை பற்றி மருத்துவரிடம் பேசலாம். சரியான மாதத்தை நாயைப் பார்த்து அவரே சொல்வார். அதன் பிறகு உணவைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். ஆண் நாயின் அடங்காத ஆற்றல் கருத்தடையால் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எத்தனை ஆண்டு வாழும்?

பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், கணக்கிடப்பட்ட 18 இனங்களில் ஜாக் ரஸ்ஸலின் சராசரி ஆயுளே மிக அதிகம்: 12.7 ஆண்டு. பதினைந்து, பதினாறு வயது நாய்களும் அரிதல்ல. இன்று பத்து வயதுப் பிள்ளை கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், அந்தப் பிள்ளை கல்லூரிக்கு வெளியூர் போன பின் நாயைப் பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான்.

உண்மையைச் சொன்னால், எங்களால் முடியவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாமா?

கொடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மேலே சொன்ன உடற்பயிற்சியையும் மோப்ப வேலைகளையும் ஒரு மாதம் முறையாகச் செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள், ஏனெனில் பல வீடுகளில் நாய் மாறுவதை நான் கண்டிருக்கிறேன். ஊர் எல்லையிலோ கோயில் வாசலிலோ விட்டுவிட்டு வருவது, விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960-ன்படி குற்றம். வீட்டில் வளர்ந்த 6 கிலோ நாய் தெருவில் தாக்குப்பிடிக்கவும் செய்யாது.

புதிய குடும்பத்திடம் எதையும் மறைக்காதீர்கள்: யாரையாவது கடித்திருந்தால், பூனையைத் துரத்துமென்றால், தனியே விட்டால் கதவைப் பிறாண்டுமென்றால், அனைத்தையும் எழுதியே கொடுங்கள். நீங்கள் மறைத்த ஒன்றுக்காகவே அது இரண்டாம் முறையும் வீடு இழக்கக்கூடும். முதல் இரண்டு வாரத்தைச் சோதனைக் காலமாக வைத்து, ஒத்துவராவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். தடுப்பூசி அட்டை, மருத்துவக் குறிப்புகள், வழக்கமான உணவில் இரண்டு வாரத்துக்கு வேண்டியது, அது படுத்துப் பழகிய துணி ஆகியவற்றை நாயோடு சேர்த்து அனுப்புங்கள். மைக்ரோசிப்பிலும் மாநகராட்சி உரிமத்திலும் உரிமையாளர் பெயரை மாற்றிய பிறகே கைமாற்றம் முழுமையடையும்.